மும்பைக் குளிரில் ஓடப் போகிறீர்களா? உடுப்பு பற்றிச் சில பயனுள்ள குறிப்புகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் செம்பூர், மாட்டுங்கா தமிழ் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஸ்வெட்டரும் மஃப்ளரும் கீழே இறங்கிவிடும். மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு என்பதால் ஓட்டப் பயிற்சி சூடு பிடிப்பதும் இதே நாட்களில்தான். 2004-இல் அந்த ஓட்டம் தொடங்கியது முதல் விடியலுக்கு முன்பே எழுந்து ஓடுவோர் நம் பேட்டைகளிலும் பெருகிவிட்டார்கள். தாராவிப் பையன்கள் மாகிம் பக்கமும் சிவாஜி பார்க் பக்கமும் ஓடுகிறார்கள். மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் சுற்று, செம்பூர்க்காரர்களுக்கு டயமண்ட் கார்டன் பக்கத்துத் தெருக்கள்.

இவர்களில் பலர் குளிருக்குப் பயந்து ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் தொப்பலாக நனைகிறார்கள். ஓட்டம் முடிந்து வீடு திரும்பும்போது நடுங்குகிறார்கள். இந்த ஊரில் ஓடுகிறவரைக் குளிரைவிட வியர்வைதான் அதிகம் படுத்துகிறது. கீழே உள்ள குறிப்புகள் அதை மனத்தில் வைத்து எழுதியவை. வெளியூர்க் குளிருக்குப் போகிறவர்களுக்கும் சில உண்டு.

1. வெப்பநிலையோடு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். போனில் 17 டிகிரி என்று காட்டினால் 27 டிகிரியில் வீட்டு வாசலில் நிற்க என்ன போடுவீர்களோ, அதைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகத்தான் வெளிவருகிறது. வாசலில் இறங்கியதும் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று பொருள். மும்பையில் பெரும்பாலான நாட்களுக்கு ஒரு மெல்லிய அரைக்கை டி-ஷர்ட் போதும்.

2. எந்த இடத்து வெப்பநிலையைப் பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வானிலைத் துறை மும்பைக்குக் கொலாபா, சாந்தாகுரூஸ் என்று இரண்டு இடத்து அளவுகளைத் தருகிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கொலாபாவில் இரவில் சூடு அவ்வளவாக இறங்காது. சாந்தாகுரூஸில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பது வழக்கம். செம்பூர், சயான், தாராவியில் இருப்பவர்கள் சாந்தாகுரூஸ் கணக்கைப் பார்ப்பதே சரி. ஜனவரியில் அங்கே குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 17 டிகிரியை ஒட்டி இருக்கும். வடக்கே மழையும் பனியும் பெய்து வாடைக்காற்று இறங்கும் சில நாட்களில் மட்டும் 12, 13 வரை போகும். 1962 ஜனவரியில் 7.4 டிகிரி வரை இறங்கியதுதான் இந்த நகரத்தின் பதிவில் மிகக் குறைவு. ஆகவே 'கடுங்குளிர்' என்று கூவும் தலைப்புச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தடித்த ஜாக்கெட் வாங்கப் போகாதீர்கள்.

3. பருத்தி நம் உடம்புக்கு உகந்த துணிதான். நாள் முழுக்க உடுத்த அதைப்போல் வேறில்லை. ஓட்டத்துக்கு மட்டும் அது வேண்டாம். சாதாரண அறைச் சூழலிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. வியர்த்தபின் இந்த வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். பருத்தி டி-ஷர்ட் நனைந்து கனத்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தவுடன் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். குளிர்காலக் காலையிலும் மும்பைக் காற்றில் ஈரம் நிறைய இருப்பதால் அது லேசில் காயவும் காயாது. உள்ளே போடும் திருப்பூர் பனியனுக்கும் இதே கதிதான். டிரை-ஃபிட் சட்டைக்கு உள்ளே பனியன் போட்டுக்கொண்டு ஓடுவது அந்தச் சட்டைக்குக் கொடுத்த காசை வீணடிப்பது.

4. 'டிரை-ஃபிட்' என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலோ தாதர் நடைபாதையிலோ வாங்குவதானால் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். முதலில் துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். பொடிப்பொடி ஓட்டைகள் தெரிந்தால் காற்று போகும். இரண்டாவது, உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று பரவிவிட்டால் வியர்வையைக் கடத்தும் துணி. முத்துப்போல் உருண்டு நின்றால் வேண்டாம். மூன்றாவதை வீட்டில் செய்யலாம். மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பாலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். கலப்புத் துணி என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். நெருப்புச் சோதனையைக் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

சில மலிவுத் துணிகளில் வியர்வை கடத்தும் தன்மை மேலே பூசிய ரசாயனத்தால் வருவது. பத்துப் பதினைந்து சலவையில் அது போய்விடும். நெசவிலேயே அந்தத் தன்மை உள்ள துணி கொஞ்சம் விலை கூடும், ஆனால் கிழியும்வரை உழைக்கும்.

5. மும்பைக்கு என்று ஒரே ஒரு குளிர்கால உடுப்பு வாங்கச் சொன்னால் கையுறை போல முழங்கைக்கு மேல்வரை மாட்டும் ஆர்ம் ஸ்லீவைத்தான் சொல்வேன். அரைக்கைச் சட்டையோடு அதை மாட்டிக்கொண்டால் முழுக்கைச் சட்டையாகிவிடும். சூடேறியதும் மணிக்கட்டுக்குச் சுருட்டிவிடலாம், கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஓட்டத்தை நிறுத்தவே வேண்டாம். முழுக்கை டி-ஷர்ட்டில் இந்த வசதி கிடையாது.

6. ஆர்ம் ஸ்லீவ் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பிள்ளைகள் கால்பந்துக்குப் போட்டுப் பழசான முழங்கால் உயர ஸ்டாக்கிங்ஸ் இருக்கிறதா? பாதப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிட்டால் நூல் பிரியாது. எலாஸ்டிக் உள்ள பக்கம் மேல்கைக்கு வரட்டும்.

7. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் பூங்காவில் மெல்ல நடக்கும் தாத்தா பாட்டிகளுக்குச் சரி. அவர்கள் உடம்பில் ஓடுகிறவர் அளவுக்குச் சூடு பிறப்பதில்லை. அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஓடுகிறவர் தலையை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. உடம்புச் சூட்டில் பெரும்பகுதி தலை வழியாகத்தான் போகிறது என்பது தவறான நம்பிக்கை. உடம்பின் பரப்பில் தலைக்கு உள்ள பங்கு எவ்வளவோ, சூடு போவதும் சுமார் அவ்வளவுதான், பத்தில் ஒரு பங்கு. காதில் காற்று பட்டால் வலிக்கிறது என்பவர்கள் ஒரு கைக்குட்டையை நான்கு விரல் அகலத்துக்கு மடித்துக் காதை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமலும் அது காக்கும்.

8. இந்தக் குறிப்பைத் தயவு செய்து யாரும் தாண்டிப் போக வேண்டாம். உடம்பு இளைக்கும் என்று நம்பி ரெக்ஸின் ஜாக்கெட், மழைக்கோட்டு, 'சோனா சூட்' என்று விற்கும் பிளாஸ்டிக் உடை இவற்றைப் போட்டுக்கொண்டு ஓடும் இளைஞர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். எடை இயந்திரம் காட்டும் குறைவு முழுக்கத் தண்ணீர்தான். கொழுப்பு அதில் இல்லை. நாலு டம்ளர் தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பி வந்துவிடும். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரிச் சூடு உடம்பை விட்டுப் போகும். பிளாஸ்டிக் உடைக்குள் ஆவி போக வழியில்லை. இட்லிப் பானை மூடியில் சேர்வதுபோல் தண்ணீராகவே உள்ளே சொட்டும். உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் போட்டிக்காக இப்படி எடை குறைக்கப் போய் உயிரிழந்தார்கள். அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையைத் தடை செய்தார்கள். வெளியே குளிர்வதால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஓடினால் அந்த உடையைப் பிடுங்கி வையுங்கள்.

9. பெண்கள் முதலில் செலவழிக்க வேண்டியது நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு. ஷூவுக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுங்கள். மார்புக்குக் கீழே வரும் பட்டிதான் முக்கியமாகத் தாங்குவது, தோள்பட்டி துணைக்குத்தான். அந்தப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. கடையின் டிரையல் அறையிலேயே நாலைந்து முறை குதித்துப் பாருங்கள், கைகளை மேலே தூக்கிப் பாருங்கள். பட்டி மேலே ஏறினால் அடுத்த அளவு சின்னது கேளுங்கள். வாங்கும்போது கடைசிக் கொக்கியில் பொருந்துவதாக வாங்கினால் நாளாகித் தளரும்போது உள் கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

10. டைட்ஸ் போடக் கூச்சப்படும் பெண்கள் நம் பக்கம் நிறைய. அதற்காக ஓட்டத்தையே விட்டுவிட வேண்டாம். டைட்ஸ் மேல் தொடை பாதி வரும் மெல்லிய பாலியெஸ்டர் குர்தி போடுங்கள். இரு பக்கமும் இடுப்புவரை வெட்டு இருந்தால் கால் வீச்சுக்கு இடைஞ்சல் இல்லை. பருத்திச் சுடிதார் முழங்கால் பின்புறம் சுருண்டு ஈரமாகித் தோலை உரசும். சல்வார் அடியில் காலில் சிக்கும். துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும். கழுத்துக் குளிருக்கு வேண்டுமானால் ஒரு சின்ன ஸ்கார்ஃபை முடிச்சு பின்னால் வரும்படி கட்டுங்கள்.

சேலைதான் வசதி என்றால் சேலையிலேயே ஓடுங்கள். நடிகர் மிலிந்த் சோமனின் தாயார் உஷா சோமன் எழுபது வயதைத் தாண்டியபின், 2016-இல், மகனோடு சேலையில் வெறுங்காலோடு ஓடினார். ஜெயந்தி சம்பத்குமார் 2017 ஆகஸ்டில் ஐதராபாத் மாரத்தானின் 42 கிலோமீட்டரையும் சேலையிலேயே ஓடி முடித்தார். சேலைக்கு ஒரு யோசனை: கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வரும்படி ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, உள்ளே பாவாடைக்குப் பதில் முழங்கால் வரை வரும் டைட்ஸ் போடுங்கள். வெறுங்காலில் ஓடுவது பழகியவர்களுக்கு மட்டும். நம் நடைபாதைகளில் ஷூ வேண்டும்.

11. ஆண்களுக்கு மும்பைக் குளிரில் டிராக் பேண்ட் தேவையில்லை. தொடை, கெண்டைக்கால் தசைகள்தான் அதிகம் உழைப்பவை. அவற்றுக்குக் குளிர் படுவது குறைவு. ஷார்ட்ஸ் வாங்கும்போது உள்ளே மெல்லிய உள்துணி தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குள் தனியாகப் பருத்தி ஜட்டி வேண்டாம்.

12. சாக்ஸ் பருத்தியாக இருந்தால் கொப்புளம் நிச்சயம். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்தது வாங்குங்கள். தையல் மடிப்பு விரல் நுனியில் தடிப்பாக இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு ஓடிப் பாருங்கள்.

13. குளிர்காலக் காற்றில் தோல் வறண்டிருக்கும்போது உரசல் காயம் எளிதில் வரும். அக்குள், உள் தொடை, பிரா பட்டியின் கீழ்விளிம்பு, கால் விரல் இடுக்குகள் ஆகிய இடங்களில் கிளம்பும் முன் வாஸலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் தடவலாம். ஆனால் பத்து கிலோமீட்டருக்கு மேல் அது தாக்குப் பிடிக்காது. குளிர்ந்த நாளில் உறைந்தும் இருக்கும். ஆண்கள் நீண்ட தூரம் ஓடும் நாளில் மார்புக் காம்புகள்மேல் சின்ன பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்வையில் கழன்றுவிடும்.

14. ஜனவரியில் மும்பையில் சூரியன் எழ ஏழேகால் மணி ஆகிறது. ஐந்தரைக்கு இறங்குகிறவர்கள் இருட்டில்தான் ஓடுகிறார்கள். கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு ஷார்ட்ஸ் போட்டவர் தண்ணீர் லாரி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை எடுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் நாடா தையல் சாமான் கடைகளிலும் பாதுகாப்புக் கவசங்கள் விற்கும் கடைகளிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். முதுகில் ஒரு பட்டை தைப்பதோடு நிறுத்தாமல் கணுக்கால் பக்கமும் மணிக்கட்டுப் பக்கமும் தையுங்கள். அசையும் இடத்தில் மின்னும் பட்டையைக் கண்டதும் ஓட்டுநருக்கு இது மனிதர் என்று புரிந்துவிடும். வாகனங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுவதும் நல்லது.

15. நாடா தைக்க, பை வைக்க, நீளம் குறைக்க எங்கே போவது? தாராவிதான். 60 அடி ரோடு, 90 அடி ரோடு, லேபர் கேம்ப் சுற்றிலும் உள்ள சந்துகளில் ஏற்றுமதித் துணி தைத்த கைகள் எத்தனையோ. தைக்கக் கொடுக்கும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீளும் துணிக்கு பால்பாயிண்ட் ஊசி வேண்டும், சாதாரண ஊசி துணியில் ஓட்டை போடும். ஓரம் ஓவர்லாக், தோலில் படும் இணைப்பு தட்டையாக வரும் ஃப்ளாட்லாக். நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும். ஷார்ட்ஸின் பின் இடுப்பில் ஒரு சின்ன ஜிப் பை வைக்கச் சொல்லுங்கள். வீட்டுச் சாவி, ரயில் பாஸ், மடித்த ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு அதில் போதும். போனையோ பாஸையோ வைக்கும் முன் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வை எல்லாவற்றுக்குள்ளும் போகும்.

பெரிய கடையில் வாங்கிய ஒரு நல்ல ஷார்ட்ஸை மாதிரிக்குக் கொடுத்து அதேபோல் தைத்துத் தரும் கைகளும் அங்கே உண்டு. அளவு பொருந்தாத பெரிய உடம்புக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய உதவி.

16. மூக்கில் கட்டும் கைக்குட்டை குளிர்ந்த காற்றைக் கொஞ்சம் இதமாக்கும். புகையைத் தடுக்காது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று மூடிபோல் நின்றுவிடுவதால் வாகனப் புகையும் கட்டட வேலைத் தூசியும் மேலே போகாமல் விடியற்காலையில் கீழேயே தங்கும். மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் இருக்கும் செம்பூர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளம்பும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் 'மோசம்' என்ற வகை. அன்று வெளியே ஓட வேண்டாம். வீட்டிலோ மாடிப்படியிலோ பயிற்சி செய்யுங்கள். என்95 முகக்கவசம் நுண்தூசியைத் தடுக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஓட மூச்சு போதாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் குளிர்ந்த காலையில் ஓடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

17. மாரத்தான் நாளில் உடுப்புக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று காத்திருக்கும் நேரம். முழு மாரத்தான் சி.எஸ்.எம்.டி. எதிரே தொடங்குகிறது, அரை மாரத்தான் அண்மை ஆண்டுகளில் மாகிமிலிருந்து. விடியலுக்கு வெகு முன்பே போய் நிற்க வேண்டியிருக்கும். பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் பட்டன் போட்டதாக எடுத்துப் போங்கள். டி-ஷர்ட் என்றால் நெஞ்சில் குத்திய எண் அட்டையைக் கசக்கித் தலை வழியாகக் கழற்ற வேண்டும். ஓட்டம் தொடங்கும் முன் கூட வந்தவரிடம் சட்டையைக் கொடுத்துவிடுங்கள். நியூயார்க் மாரத்தானில் தொடக்க இடத்தில் கழற்றிப் போடும் உடைகளைத் திரட்டித் தர்ம நிறுவனத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நம் தெருவில் எறிந்தால் துப்புரவுப் பணியாளர்தான் குனிந்து பொறுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு மூன்றாவது மணி நேரம். தொடங்கும்போது 18 டிகிரி என்றாலும் ஒன்பது மணிக்குள் சூடு கூடிவிடும், வெயிலும் ஏறும். முழு மாரத்தான் ஓடுகிறவர் பெட்டர் ரோடு ஏற்றத்துக்கு வருவது 35 கிலோமீட்டருக்குப் பிறகு. அந்த ஏற்றத்தில் எது உங்கள் உடம்பில் இருக்க வேண்டும் என்று யோசித்து உடுத்துங்கள். முதல் பத்து நிமிடக் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

18. போட்டி நாளில் புதுத் துணி கூடாது. நிகழ்ச்சியில் கொடுத்த டி-ஷர்ட்டை அன்றே போட்டுக்கொண்டு ஓட ஆசையாக இருக்கும். துவைக்காத துணி, பழகாத தையல். அக்குள் தோல் உரிந்துபோகும். ஒரு நீண்ட பயிற்சி ஓட்டத்தில் போட்டுப் பார்த்ததையே போடுங்கள். எண் அட்டையை முதல் நாள் இரவே நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி வையுங்கள்.

19. ஓடி முடித்தபின்தான் உண்மையில் குளிரும். தசைகளில் சூடு பிறப்பது நின்றுவிடும், ஈரத்துணி சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நின்ற ஐந்து பத்து நிமிடத்துக்குள் மேல்சட்டையை மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில் பருத்தி தாராளமாகப் போடலாம். பைக்குள் இருக்க வேண்டியவை: காய்ந்த பருத்தி டி-ஷர்ட், ஒரு ஈரிழைத் துண்டு, செருப்பு, ஈரத்துணி போட ஒரு பை. தேங்காய்ப்பூத் துண்டு கனம், காயவும் நேரமாகும். ஈரிழைத் துண்டைப் பிழிந்து பிழிந்து துடைக்கலாம். பெண்கள் முன்பக்கம் திறக்கும் தளர்ந்த மேலாடை கொண்டுபோனால் எங்கு வேண்டுமானாலும் ஈரச் சட்டைமேலேயே போட்டுக்கொண்டு சமாளிக்கலாம்.

ஓட்டத்துக்குப் பின் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இட்லியும் ஃபில்டர் காப்பியும் சாப்பிடப் போகிறவர்கள் ஏ.சி. இல்லாத மேசையில் உட்காருங்கள், அல்லது மாற்றிக்கொண்டு போங்கள்.

20. பைக்கில் வீடு திரும்புகிறவர்கள் விண்ட்சீட்டரை ஓடும்போது போடாமல் திரும்பும்போது போடுங்கள். எடுத்து வர மறந்துவிட்டால் ஒரு செய்தித்தாளை விரித்துச் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலை உச்சியிலிருந்து இறங்கும் வீரர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது இது. லோக்கலில் வருகிறவர்கள் கதவோரம் நிற்காமல் உள்ளே தள்ளி நில்லுங்கள்.

21. பள்ளி விளையாட்டு விழாக்கள் டிசம்பர், ஜனவரியில் வரும். குழந்தை குளிருது என்று சொன்னால் யூனிஃபார்முக்கு உள்ளே இன்னொரு சட்டை போடாதீர்கள்; மேலே ஜிப் வைத்த மெல்லிய ஜாக்கெட் போட்டு அனுப்புங்கள். ஓடும் முறை வரும்போது குழந்தையே கழற்றிக்கொள்ளும்.

22. வெளியூருக்குப் போய் ஓடுகிறவர்களுக்கு: மலை ஏறினால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி சூடு குறையும். லோணாவ்ளாவுக்கு நாலு டிகிரி, மகாபலேஷ்வருக்கு எட்டு ஒன்பது டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். சமவெளி என்று புனே, நாசிக்கை லேசாக எண்ண வேண்டாம். கடல் தள்ளியிருப்பதால் அங்கே இரவுக் குளிர் மும்பையைவிட அதிகம். 1983-இல் தொடங்கிய புனே சர்வதேச மாரத்தான் டிசம்பரை ஒட்டி நடப்பது. நாசிக் மாவட்டத்துத் திராட்சை ஊரான நிபாடில் சில ஆண்டுகளில் ஐந்து டிகிரிக்குக் கீழும் போயிருக்கிறது. எட்டு டிகிரிக்கு மெல்லிய முழுக்கை டிரை-ஃபிட், முழங்கால் மூடும் டைட்ஸ், கையுறை. கையுறை இல்லையென்றால் ஒரு ஜோடி பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். விரல்கள் ஒன்றாக இருப்பதால் கையுறையைவிடச் சூடாகவே இருக்கும்.

23. ஊட்டிக்கு விடுமுறைக்குப் போகும்போதும் ஷூவை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் ஜனவரி விடியலில் தலைகுந்தா, ரேஸ் கோர்ஸ் போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அங்கே இரண்டு அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டிய மெல்லிய டிரை-ஃபிட் ஒன்று, அதன்மேல் கழுத்துவரை ஜிப் உள்ள சற்றுத் தடித்த முழுக்கை ஒன்று. ஜிப்தான் உங்கள் கையில் உள்ள விசை. ஏற்றத்தில் இறக்கிவிடுங்கள், இறக்கத்தில் ஏற்றிவிடுங்கள். உறைபனிப் புல் வழுக்கும், சாலையிலேயே ஓடுங்கள். வெயில் வந்தபின் கிளம்பினாலும் குறைவில்லை.

24. 2012-இல் தொடங்கிய லடாக் மாரத்தானுக்கு மும்பையிலிருந்தும் ஓட்டக்காரர்கள் போகிறார்கள். செப்டம்பரில் நடக்கிறது, லே நகரம் 3,500 மீட்டர் உயரம். விடியலில் கை விறைக்கும், பத்து மணி வெயிலில் தோல் கருகும். அதனால் கழற்றக் கூடியதாகவே எல்லாம் இருக்க வேண்டும்: ஆர்ம் ஸ்லீவ், மெல்லிய கையுறை, ஒரு கைப்பிடிக்குள் மடங்கும் விண்ட்சீட்டர். தொப்பிக்கு முன்விளிம்பு அவசியம். அந்த உயரத்துக்கு உடம்பு பழகச் சில நாள் முன்பே போய்விட வேண்டும் என்பது உடுப்பைவிட முக்கியம்.

25. டொராண்டோவில் இருக்கும் மகனோ மருமகளோ குளிரில் ஓடுவதாகச் சொன்னால் பயப்படாதீர்கள். காற்றின் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கனடா வானிலைத் துறை வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் சேர்த்து 'விண்ட் சில்' என்ற எண்ணைத் தருகிறது. அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையத் தொடங்கக்கூடும். அங்கே மூன்று அடுக்கு: வியர்வை கடத்தும் உள்சட்டை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், காற்றை மட்டும் தடுக்கும் மேலுறை. ஈரத்தைத் தன் எடையில் சுமார் முப்பது சதவீதம்வரை இழைக்குள் வாங்கியும் கதகதப்பு விடாதது கம்பளி. இங்கிருந்து அனுப்ப ஆசைப்பட்டால் தடித்த ஸ்வெட்டரை விட மெல்லிய மெரினோ கம்பளி உள்சட்டை பயன்படும். ஓடத் தொடங்கும்போது காற்றை எதிர்த்துப் போய், வியர்த்தபின் காற்று முதுகில் படத் திரும்பட்டும்.

26. துவைக்கும் முறை. ஓடி வந்த சட்டையைச் சுருட்டி வாளியில் போட்டுவிடாதீர்கள். பாலியெஸ்டரில் வியர்வைக் கிருமிகள் ஒட்டிக்கொண்டால் நாற்றம் போகவே போகாது. குளிக்கும்போதே வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் மறுநாள் துவைக்கலாம். நாற்றம் ஏறிவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். சோப்புத்தூள் வழக்கத்தில் பாதி. வாசனைக்காக ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர் இழைமேல் படிந்து வியர்வை கடத்தும் தன்மையைக் கெடுக்கும். வெந்நீர், இஸ்திரி, உச்சிவெயில் மூன்றும் எலாஸ்டிக்கைத் தளர்த்தும். ஜன்னல் கிரில்லில் நிழலில் போட்டாலே குளிர்காலத்தில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரே அறையில் குடும்பமே துணி உலர்த்தும் வீடுகளுக்கு டிரை-ஃபிட்டில் உள்ள பெரிய சௌகரியம் அது. இரண்டு சட்டை இருந்தால் வாரம் முழுக்க ஓடலாம்.

27. மார்ச் வந்ததும் கையுறை, கம்பளி, ஜாக்கெட்டை எடுத்து வைக்கும் முன் துவைத்து இரண்டு நாள் நன்றாக உலர்த்துங்கள். வியர்வை உப்பும் ஈரமும் இருந்தால் மழைக்கால நான்கு மாதத்தில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளி வைத்துவிடும். காய்ந்த வேப்பிலையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து இடையிடையே வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம், பழைய தலையணை உறை நல்லது. உறையின் மேல் உள்ளே என்ன இருக்கிறது, யாருடைய அளவு என்று ஒரு துண்டுச் சீட்டு குத்தி வைத்தால் அடுத்த டிசம்பரில் அலமாரியைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.